மலையில் கூட நடந்தவன்

வடகரையில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மேற்கே மலைதான். சாரல் மாசத்தில் பாதி மலை மேகத்துக்குள் போய்விடும். பங்குனி வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாத் தெரியும். கிட்டத்துல பண்பொழி திருமலைக்கோயில் குன்று, அதுக்குப் பின்னாடி மேக்கரை, அடவிநயினார் அணை. அதுக்கும் பின்னாடி பச்சையும் நீலமுமா அடுக்கு அடுக்கா...

சின்ன வயசுல தாத்தாகிட்ட கேட்டிருக்கேன். "அந்த மலைக்கு அங்கிட்டு என்ன தாத்தா இருக்கு?"

"அங்கிட்டா? அச்சன்கோவில். அதுக்கும் அங்கிட்டு மலையாளம்."

அவ்வளவுதான் பதில். ஏதோ அடுத்த தெரு மாதிரி சொல்லிட்டாரு. அவர் காலத்து ஆட்களுக்கு அது அடுத்த தெருதான்போல. நடந்தே போய்ட்டு வந்திருக்காங்க.

இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் என் மாப்ளையும் (அக்கா மாப்ள இல்லீங்க, எங்க ஊர்ல கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த அடுத்த தெருவுக்கு நடந்தே போறதுன்னு முடிவு பண்ணினோம். கார்த்திகை மாசம். மாலை போட்டவங்க கூட்டம் கூட்டமா அந்த ரோட்டுல போற நேரம். அவங்க பின்னாடியே போயிடலாம்னு திட்டம். ஆளுக்கு ஒரு பை. பையில புளியோதரை, ஒரு போர்வை, டார்ச் லைட்டு. பண்பொழியிலேருந்து மேக்கரை, கோட்டைவாசல், அப்புறம் இறக்கம்.

பாதி மலை ஏறும்போதே மாப்ளைக்குக் குதிகால்ல தோல் உரிஞ்சிருச்சு. புதுச் செருப்பு. நொண்டி நொண்டி வர்றான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "நில்லுலே, நில்லுலே"ங்கறான். எனக்கு எரிச்சல். இருட்டுறதுக்குள்ள செக்போஸ்ட் தாண்டணும்னு ஒரு பயம் வேற. கடைசியில ஒரு கல்வெர்ட்டுல அவன் உட்கார்ந்ததும், "நீ மெதுவா வாலே, நான் முன்னால போய் நிக்கேன்"னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டேன். செக்போஸ்ட்ல ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வந்தான். ஒரு வார்த்தை பேசலை. அச்சன்கோவில்ல சாமி கும்பிட்டோம், மறுநாள் பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்கு வந்தோம். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் நடந்ததே இல்லை.

இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, இந்தப் பதிவு என்னைப் பத்தினது இல்லை. இதே மலைத்தொடரில் 200 வருஷத்துக்கு முன்னாடி நாலு வருஷத்துக்கும் மேல நடந்த ரெண்டு பேரைப் பத்தினது. அவங்களைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வெர்ட்டுதான் ஞாபகம் வருது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து படிங்க.

இரண்டு லெப்டினன்ட்கள்

ஒருத்தர் பெயர் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு. இன்னொருத்தர் பீட்டர் அயர் கானர். ரெண்டு பேருமே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் லெப்டினன்ட்கள். வேலை சண்டை போடுறது இல்லை, நிலத்தை அளக்கிறது.

1815-ல் காலின் மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆகிறார். ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் தேடித் தேடிச் சேர்த்தாரே, அதே மெக்கன்சிதான். திருவிதாங்கூரில் அப்போ கம்பெனி ரெசிடென்ட் கர்னல் ஜான் மன்றோ. (ராயலசீமாவில் கலெக்டரா இருந்து பிறகு மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ வேற ஆள், குழப்பிக்காதீங்க. கொல்லம் பக்கத்துல இருக்கிற மன்றோ துருத்து இந்த ஜான் மன்றோ பேரில் உள்ளது.) ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம். திருவிதாங்கூர், கொச்சி ரெண்டு ராஜ்ஜியத்தையும் முழுசா அளந்து வரைபடம் போடணும்னு முடிவாச்சு. 1816 ஜூலையில் தொடங்கின வேலை 1820 கடைசியில்தான் முடிஞ்சது.

திருவிதாங்கூர் மட்டும் கிட்டத்தட்ட 6,700 சதுர மைல். ஜனத்தொகை சுமார் 9 லட்சம் என்ற கணக்கும் அந்தக் காலத்துடையதுதான். கடற்கரையும் காயலும் வயலும் ஒருபுறம் இருக்க, அதில் பெரிய பங்கு காடும் மலையும். இவங்க தயாரிச்ச வரைபடம் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவு. அதாவது ஒவ்வொரு மைலையும் யாரோ ஒருத்தர் போய்ப் பார்த்திருக்கணும்.

இதுல நம்ம ஊர் எங்கே வருதுன்னு கேக்கலாம். அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரிக்கும்போதுதான் மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. ஆக, செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் எல்லாம் இவங்க அளக்க வேண்டிய நிலம். வடகரை கம்பெனியின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த பழைய பாளையம். சொக்கம்பட்டி ஜமீனுக்கு வடகரை ஜமீன்னும் ஒரு பேர் உண்டு. நான் நிக்கிற மொட்டை மாடி இந்தப் பக்கம், அவங்க அளந்த சிகரம் அந்தப் பக்கம்.

ஒரே இடத்திலிருந்து பார்த்தால் தூரம் தெரியாது

மலையை எப்படி அளப்பாங்க? சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு உச்சிக்கு ஏற முடியாது. அதுக்கு முக்கோண அளவைன்னு ஒரு வழி.

பண்பொழி திருமலைக்கோயில் குன்றில் ஒருத்தர் நிக்கிறார்னு வைங்க. குற்றாலம் பக்கம் ஒரு மேட்டுல இன்னொருத்தர். இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்னு முதல்லயே அளந்து வெச்சாச்சு. இப்போ ரெண்டு இடத்திலிருந்தும் மேற்கே ஒரே சிகரத்தைக் கருவி வழியாப் பார்த்து, கோணத்தைக் குறிக்கிறாங்க. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மீதி முக்கோணம் கணக்குல வந்துடும். சிகரத்துல கால் வைக்காமலே அது எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம். பத்தாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க :-)

நான் இதுல கவனிச்சது ஒண்ணுதான். ஒரே இடத்தில் நின்னு எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் அந்த மலை எவ்வளவு தூரம்னு தெரியாது. எதிர்முனைன்னு ஒண்ணு வேணும். ஒரே ஆள்கூட ரெண்டு இடத்துக்கும் மாறிப் போய்ப் பார்க்கலாம். ஆனா அப்பவும் எதிர் மேட்டுல கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கணும். அவன் நகர்ந்துட்டா அன்னிக்கு வேலை போச்சு.

இதுக்கான பெரிய முக்கோணங்களை வில்லியம் லாம்டன் முன்னாடியே போட்டு வெச்சிருந்தார். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அடிபட்டதே ஒரு பெரிய தியோடலைட், அதோட சொந்தக்காரர். அடுத்த வருஷம் 1809-ல் பாளையங்கோட்டை பக்கத்தில் ஒரு அடிக்கோடு அளந்தார். அவர் போட்ட பெரிய முக்கோணங்கள் எலும்புக்கூடு. அதுக்குச் சதை வைக்கிற வேலை வார்டு, கானர் தலையில் விழுந்தது. ஊர், ஆறு, ஓடை, கணவாய், ஒத்தையடிப் பாதை எல்லாத்தையும் போய்ப் பார்த்துக் குறிக்கணும்.

பாதையை அளக்க பெராம்புலேட்டர்னு ஒரு சாமான். கைப்பிடி வெச்ச பெரிய சக்கரம். தள்ளிக்கிட்டே நடந்தா எத்தனை சுத்து சுத்துச்சுன்னு கணக்குக் காட்டும். சமவெளியில சரி. வேர்ப்பாறையும் வழுக்குப் பாசியும் அட்டையும் நிறைஞ்ச மலைப்பாதையில் ஒத்தைச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுப் போறதை நினைச்சுப் பாருங்க. கூட தியோடலைட், வரைபலகை, கூடாரம், அரிசி மூட்டை. நாங்க ஆளுக்கொரு பையைத் தூக்கிட்டுப் போனதுக்கே அந்தப் பாடு!

சிகரத்துக்குப் போனாலும் உடனே வேலை நடக்காது. மரத்தை வெட்டிப் பார்வையைத் திறக்கணும். மூட்டம் விலகணும். குற்றாலத்துக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். கண்ணு முன்னாடி இருக்கிற மலை பத்து நிமிஷத்துல காணாமப் போயிடும். எதிர் சிகரத்தில் கொடி தெரியறதுக்காக நாள்கணக்கில் காத்திருக்கணும். மலை சர்வேயில் பெரும்பகுதி வேலை காத்திருக்கிறதுதான். எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கே மூக்குக்கு மேல கோவம் வந்துச்சு.

காய்ச்சல்

காத்திருக்கிறதுல இன்னொரு ஆபத்து. மலைக்காய்ச்சல்.

இந்த சர்வேக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி, 1809-லிருந்து 1811 வரை, கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி சீமைகளில் ஒரு பெரிய காய்ச்சல் பரவி ஊர் ஊராக ஜனங்கள் செத்தாங்க. காரணம் என்னன்னு கண்டுபிடிக்க மதராஸ் அரசாங்கம் டாக்டர்கள் கமிட்டி ஒண்ணு போட்டது. அதில் வைட்லா ஐன்ஸ்லி இருந்தார். நம்ம நாட்டு மருந்துகளைப் பத்திப் புத்தகம் எழுதினவர். அந்தக் காலத்து வைத்திய நம்பிக்கைப்படி சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகிய இலைதழையிலிருந்தும் கிளம்புற கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம். கொசு யார் கணக்கிலேயும் இல்லை. ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897-ல்தான்.

மருந்துன்னு பார்த்தா சின்கோனா மரப்பட்டைத் தூள். அதுவும் தரம் ஒண்ணுபோல இருக்காது. அந்தப் பட்டையிலிருந்து குயினைனைத் தனியாப் பிரிச்சு எடுத்தது பிரான்சில் பெல்லட்டியே, காவந்து என்ற ரெண்டு பேர். வருஷம் 1820. ஆமாங்க, வார்டும் கானரும் வேலையை முடிச்ச அதே வருஷம்.

அந்தக் காலத்துத் தென்னிந்திய சர்வேக்களில் மலைப்பகுதின்னாலே காய்ச்சல்தான். வெள்ளைக்கார அதிகாரி, உதவி சர்வேயர், லஸ்கர், சுமைக்காரர்னு வித்தியாசம் பார்க்காமல் விழுந்தாங்க. மழையில் எதிர் சிகரம் தெரியாது, வானம் தெளிஞ்சாத்தான் கருவி பார்க்க முடியும். அந்தத் தெளிஞ்ச மாசங்களில்தான் காட்டுக்காய்ச்சலும் காத்திருக்கும்.

இங்கேதான் ரெண்டு பேர் என்பதுக்கு வேற அர்த்தம் வருது. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் நிக்கணும். ரெண்டு பேரும் விழுந்தா சர்வேயே நின்னுடும். ஒருத்தர் பார்த்த கோணத்தை இன்னொருத்தர் நம்பணும். ஒருத்தர் குறிப்பேடு இன்னொருத்தர் கைக்குப் போனா அவருக்கு அது புரியணும். கூடவே ஒட்டிக்கிட்டு நடந்தாங்கன்னு அர்த்தமில்லை. இவ்வளவு பெரிய நாட்டை அளக்க வேலையைப் பிரிச்சுக்கிட்டுத்தான் ஆகணும், மாசக்கணக்கில் ஆளுக்கொரு திசையில் இருந்திருப்பாங்க. ஆனா கடைசியில் வரைபடம் ஒண்ணு. ஒருத்தர் போட்ட கோடும் மற்றவர் போட்ட கோடும் ஒரே ஆற்றில் வந்து சேரணும்.

அவங்களுக்குள்ள சண்டை வந்துச்சா? எவனாவது எவனையாவது கல்வெர்ட்டுல விட்டுட்டுப் போனானா? அரசாங்கப் புத்தகத்தில் அதெல்லாம் எழுத மாட்டாங்க. மைல் கணக்கு, ஊர்க்கணக்கு, ஆற்றின் போக்கு. அவ்வளவுதான்.

பேர் இல்லாத மூணாவது ஆள்

புத்தகம்னு சொன்னேன் இல்லையா. வரைபடத்தோடு சேர்த்து அவங்க ஒரு நினைவேடு தயாரிச்சாங்க. ஆங்கிலத்தில், "திருவிதாங்கூர் கொச்சி ராஜ்ஜியங்களின் சர்வே நினைவேடு" என்ற பொருள்படும் தலைப்பு. ஊர்கள், ஜாதிகள், பயிர்கள், கோயில்கள், சாலைகள், ஆறுகள், கணவாய்கள்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதினது. கேரள வரலாறு எழுதுறவங்க வார்டு அண்ட் கானர்னு ஒரே ஆள் பேர் மாதிரிச் சொல்லுவாங்க. நானும் முதலில் அது ஒரு ஆளுன்னுதான் நினைச்சேன் ஹி ஹி.

மலையில் வாழ்ற ஜனங்களைப் பத்தியும் நினைவேட்டில் விவரம் உண்டு. எப்படி இருப்பாங்க, என்ன சாப்பிடுவாங்க, எங்கே விதைப்பாங்கன்னு. இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வரும். இதையெல்லாம் இவங்ககிட்டச் சொன்னது யாரு? அந்த ஓடைக்கு இதுதான் பேர்னு சொன்னது யாரு? எந்த இடத்தில் ஆற்றைத் தாண்டலாம், எந்தப் பள்ளத்தில் யானை நிக்கும்னு காட்டினது யாரு?

காணிக்காரர்களும் மலைப்பண்டாரங்களும் பளியர்களும் தலைமுறை தலைமுறையா நடந்த தடம் அது. இந்த மலையில் நல்ல ஏற்றம் பார்த்துப் பாதை போட்டது முதலில் யானை. அதுக்குப் பின்னாடி மலைக்காரர்கள். அதுக்கும் பின்னாடிதான் தேன், ஏலம், மிளகு வாங்க வந்த வியாபாரிகளும், அவங்களுக்குப் பின்னாடி தியோடலைட்டும். லெப்டினன்ட் ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி காட்டுக்கத்தியோட ஒருத்தன் நடந்திருக்கான். எதிர் மேட்டுல கொடியோட ஒருத்தன் நின்னிருக்கான். அந்தப் பெயர்கள் அட்டையில் இல்லை. வார்டுக்கும் கானருக்கும் இடையில் ஒரு 'அண்ட்' போட்டாங்களே, அவங்க எல்லாரும் அதுக்குள்ளதான் இருக்காங்கன்னு நான் நினைச்சுக்கிறது.

நம்ம கணவாய்கள்

நினைவேட்டின் கணவாய்ப் பகுதியைப் படிக்கும்போது நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தனி சந்தோஷம் வரும். அந்தக் காலத்தில் திருவிதாங்கூருக்கும் பாண்டி நாட்டுக்கும் நடுவே இந்தக் கணவாய்கள்தான் வாசல். திருவிதாங்கூரில் புகையிலையும் உப்பும் சர்க்காரின் ஏகபோகம். அதனால் கணவாய் வாயில் எல்லாம் சௌக்கி, சுங்கம், காவல். சுங்கம் இருந்தா கள்ளக்கடத்தலும் இருக்கும் இல்லையா? ஒத்தையடிப் பாதைகள் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதில் சர்க்காருக்கு இருந்த அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம். வரைபடம் சும்மா அறிவுத் தாகத்துக்குப் போட்டது இல்லை. வரிக்கும் படைக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒவ்வொரு கணவாய்க்கும் ஒவ்வொரு தலையெழுத்து. ஆரியங்காவுக்கு ரயில் வந்தது. செங்கோட்டை புனலூர் மலைப்பாதையில் 1904-ல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் அப்போ கட்டினதுதான். 2010-ல் அகலப்பாதைக்காக நிறுத்தி, 2018-ல் மறுபடி விட்டாங்க.

அச்சன்கோவில் பக்கம் ரயில் போகலை. அது காட்டு வழியாவே ரொம்ப காலம் இருந்தது. அங்கே சாஸ்தா, பூரணை புஷ்கலையோட குடும்பஸ்தனா இருக்கார். பாம்புக்கடிக்கு அந்தச் சன்னதிச் சந்தனம்தான் மருந்துன்னு நம்பி நடுராத்திரியில்கூட ஆளைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்காங்க. மார்கழித் திருவிழாவுக்கு ஐயனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து வரும். எப்படி வரும் தெரியுமா? ஆரியங்காவு வழியா மலை தாண்டி இந்தப் பக்கம் இறங்கி, செங்கோட்டை, தென்காசி, பண்பொழின்னு சுத்தி, மறுபடி மலை ஏறி அச்சன்கோவில் போகும். கேரளத்தில் ஒரு ஊரிலிருந்து கேரளத்தில் இன்னொரு ஊருக்குப் போக நம்ம ஊர் வழியா வரவேண்டியிருக்கு! தென்காசியில் அதுக்கு வரவேற்பைப் பார்க்கணும். எல்லைக்கோடு வரைபடத்தில் ஒரு மாதிரி, நடக்கிறவன் காலுக்கு வேற மாதிரி.

பிரிஞ்ச பிறகு

1820 கடைசியில் சர்வே முடிஞ்சதும் ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க.

வார்டு மறுபடி மலைக்கே போனார். 1821-ல் பழனி மலைக்கு. வெள்ளகவி வழியா ஏறி இன்னிக்கு கொடைக்கானல் இருக்கிற இடத்தைப் பார்த்த முதல் ஐரோப்பியர்னு சொல்றாங்களே, அது இந்த வார்டுதான். அதே காலத்தில் நீலகிரியையும் அளந்தார். கொடைக்கானல் ஏரியில் படகு விடுற நம்மில் எத்தனை பேருக்கு இவர் அதுக்கு முன்னாடி நம்ம செங்கோட்டை மலையில் நாலு வருஷம் கிடந்தவர்னு தெரியும்?

கானர் ஹைதராபாத் சர்வேக்குப் போனார். திருவிதாங்கூருக்கு முன்னாடி குடகு நாட்டை அளந்து ஒரு நினைவேடு எழுதின அனுபவசாலி. ஆனா 1821-லேயே ஹைதராபாதில் இறந்துட்டார். ஒருத்தர் பழனி மலை ஏறின வருஷம், இன்னொருத்தர் செத்த வருஷம், ரெண்டும் ஒண்ணு.

வார்டுக்கு அந்தச் சேதி எங்கே, எப்போ கிடைச்சிருக்கும்? நான் இதை ரொம்ப நேரம் யோசிச்சிருக்கேன். கொடைக்கானல் மேட்டில் நின்னு தெற்கே பார்த்தா, தான் முந்தி நடந்த மலைத்தொடரோட தொடர்ச்சி தெரிஞ்சிருக்குமே. அங்கே கொடியோட நின்ன ஆள் இப்போ இல்லை.

வார்டும் 1835-ல் காலமானார். நினைவேடு திருவனந்தபுரத்தில் சர்க்கார் அச்சகத்தில் புத்தகமா வந்தது 1863-ல். ரெண்டு பேர் பேரும் சேர்ந்து அச்சான அந்தப் புத்தகத்தை ரெண்டு பேருமே பார்க்கலை.

இன்னும் சில ஜோடிகள்

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதைன்னு ஒரு மலைப்பாதை இருக்கு. கிட்டத்தட்ட 3,500 கி.மீ. முதுகில் பையோட மாசக்கணக்கில் நடந்து முடிக்கிறவங்க இன்னிக்கு ஆயிரக்கணக்கில். அதை ஒரே நடையா நடந்து முடிச்சேன்னு முதன்முதலில் சொன்னவர் ஏர்ல் ஷாஃபர், 1948-ல். தனியா நடந்த ஆள்னுதான் சரித்திரத்தில் பேர். ஆனா அந்தப் பாதையை நடக்கணும்னு திட்டம் போட்டது ரெண்டு பேர். வால்ட்டர் வைன்மில்லர்னு சின்ன வயசுக் கூட்டாளி. அவர் ரெண்டாம் உலகப்போரில் ஐவோ ஜிமா தீவுச் சண்டையில் செத்துட்டார். போர் முடிஞ்சு வந்த ஷாஃபர் மனசு ஆறாம அந்த நடையை நடந்தார்.

இவ்வளவு தூரம் எதுக்குப் போகணும், குற்றாலத்திலேயே இருக்கே. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதின குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் யாரு? மலை மலையா அலையற ஜோடிதானே. சிங்கி குறி சொல்லிக்கிட்டு ஊர் ஊரா முன்னாடி போயிடுவா. சிங்கன் அவளைத் தேடிக்கிட்டுப் பின்னாடி வருவான். கடைசியில் கண்டுபிடிச்சதும் கேள்வி மேல கேள்வியா கேப்பான். பள்ளிக்கூடத்தில் அதைச் சிரிப்புக்காகப் படிச்சோம். இப்போ யோசிச்சா, கூட நடக்கிறவளைக் காணாம மலையில் தேடுறவன் கதை அது.

கல்வெர்ட்

இதையெல்லாம் எழுதணும்னு தோணினதும் மாப்ளைக்கு போன் போட்டேன். அவன் இப்போ வளைகுடாவில் இருக்கான். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பேசுவோம், பிள்ளைங்க படிப்பு, ரியால் ரேட்டு, மழை உண்டான்னு. அந்த நடையைப் பத்தி மட்டும் பேசினதே இல்லை.

வார்டு கானர் கதையை முழுசாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். கடைசியில், "சரி, இதுல நீ யாரு, நான் யாரு?"ன்னான்.

என்ன சொல்றதுன்னு தெரியலை. "அன்னிக்கு உன்னைக் கல்வெர்ட்டுல விட்டுட்டுப் போனது தப்புலே"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் சொன்னான். "நீ போனதுக்கப்புறம் மாலை போட்ட ஒரு பெரியவரு வந்தாருடே. என் காலைப் பார்த்துட்டு, தன் துண்டைக் கிழிச்சுக் கட்டி விட்டாரு. செக்போஸ்ட்டுக்கு நூறடி முன்னாடி வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு. அவரு பேரைக்கூட நான் கேக்கலை. நீ அங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்ன கோவத்துல, அவரு எப்போ எங்களைத் தாண்டிப் போனாருன்னே பாக்கலை."

இருபது வருஷமா அந்த நடையில் ரெண்டு பேர்தான்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அடுத்த லீவுக்கு கார்த்திகையில் வர்றானாம். பழைய செருப்பைத்தான் போட்டுக்கிட்டு வருவானாம். நான் பின்னாடி நடக்கிறதா ஒப்புக்கிட்டிருக்கேன்.

உங்க ஊர்ப்பக்கம் இந்த மாதிரி பழைய மலைவழிகள், அதுல நடந்தவங்க கதைகள் இருந்தா எழுதுங்க மக்களே. பேர் தெரியாட்டியும் பரவாயில்லை.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் பையைத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள இறங்கிடாதீங்க. மலையின் இந்தப் பக்கம் நெல்லை வனவிலங்கு சரணாலயம், தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் காப்புக்காடுகளும் செந்துருணி சரணாலயமும். வனத்துறை அனுமதி இல்லாம ரோட்டை விட்டு விலகினா கேஸ் ஆயிடும். கேஸ் ஆகறதுக்கு முன்னாடி யானை வந்தாலும் வந்துடும்!